மாங்கனிக்கு முன்னால் ஒரு பேய்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும். மாப்பிள்ளை அழைப்பு, புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம், அப்புறம் பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா. சப்பரம் வரும்போது மாடிகளில் இருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிடித்துச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை.

ஆனா கதையைப் பாருங்க. கணவன் அனுப்பிய இரண்டு பழத்தில் ஒன்றைப் புனிதவதி சிவனடியாருக்குப் படைத்துவிட்டார். அதற்கு ஈடாக அதிசயமாக வந்த பழத்தைக் கண்டு மிரண்ட பரமதத்தன், கப்பலேறிப் போய் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தக் கல்யாணத்தை முறித்ததே மாம்பழம்தான்!

இந்தக் கதையை விரிவாகச் சொல்வது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணம். அதிலிருந்து பின்னோக்கிப் போனால் மாம்பழம் மறைஞ்சுடுது. நம்பியாண்டார் நம்பி பாடுவது தலையால் நடந்து கயிலை ஏறியதை. சுந்தரர் சொல்வது 'பேயார்' என்ற ஒரே சொல். 11ஆம் நூற்றாண்டு கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார். கம்போடியாவில் 967இல் எழுந்த பாண்டியாய் ஸ்ரே கோயிலிலும் அதே மெலிந்த உருவத்தை ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கடல் தாண்டிப் போனது பேய்தான், மணப்பெண் இல்லை.

அவருடைய சொந்தப் பாடல்களிலும் மாம்பழம் இல்லை, கணவனும் இல்லை. பேசக் கற்ற நாளிலிருந்தே சிவன்மேல் காதல் என்கிறார். திருவாலங்காட்டுப் பதிகங்களில் சுடுகாடு, நரி, வற்றிய உடம்புப் பேய். கடைசியில் 'காரைக்காற் பேய்' என்று கையெழுத்து.

அழகான உடம்பே வேண்டாம்னு உதறிய பெண்ணுக்கு ஊர் வருஷா வருஷம் கல்யாணம் பண்ணி வைக்கிறது. இதை முரண் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. கவிஞர் ஆலங்காட்டுக்குப் போய்விட்டார். ஊருக்குக் கையில் மிஞ்சியது வணிகர் வீட்டு மகள். அவளைத்தான் ஊரால் கொண்டாட முடியும். ஆனால் கல்யாணப்பெண் மட்டும் நினைவில் நின்றால், தமிழின் முதல் பக்திக் கவிஞர்களில் ஒருவரை இழந்துவிடுவோம்.

நல்லவேளை, திருவிழா அதையும் விடவில்லை. மாம்பழம் இறைத்து முடிந்தபின், இரவில், அம்மையார் பேயுருவில் கயிலைக்குப் போக இறைவன் காட்சி கொடுக்கிறார். பழம் கிடைத்ததும் கிளம்பிடாதீங்க. அதுவரை இருந்து பாருங்க.