நிழல் அருவக்கலை

கைபேசியில் எடுத்த நிழலின் படத்தை, மூலப்பொருள் அடையாளம் தெரியாதவாறு செயலியில் மாற்றி உருவாக்கும் எண்மக் கலை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருப்பதால் நிழல் நீண்டு சாயும். சன்னல் கம்பியும் படிக்கட்டும் நிழலில் வெறும் கோடுகளாகும். முதலில் பொருளை வெட்டி நீக்கி நிழலை மட்டும் வைத்துக்கொள்வர். ஒளி மாறுபாட்டைக் கூட்டினால் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் மறைந்து கருப்பும் வெள்ளையும் எஞ்சும். பிறகு நிறங்களைத் தலைகீழாக்கலாம், படத்தைச் சுழற்றலாம், பல படங்களை அடுக்குகளாகக் கலக்கலாம்.

இதன் வேர் பழையது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட், 1916இல் கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸில், தாழ்வாரத்தில் பட்டை பட்டையாக விழுந்த நிழல்களை அருவப் படமாக்கினார். 1922 முதல் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி கேமராவே இல்லாமல், ஒளியுணர் தாளில் பொருள்களை வைத்து நிழலுருக்களைப் பதித்தார்.