கடைசிச் சண்டை கடலூரில்

எங்கள் ஊர்க்காரர்கள் அமெரிக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எலிஹு யேலில்தான் தொடங்குவார்கள். சென்னையின் கவர்னராக இருந்த யேல் 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள கிராமங்களெல்லாம் கம்பெனிக்கு என்று ஆனது, அதே யேலின் பெயரை 1718இல் ஓர் அமெரிக்கக் கல்லூரி சூட்டிக்கொண்டது. பள்ளிக்கூடப் பையன்கூட இந்தக் கதையைச் சொல்வான். இன்னொரு கதையை யாரும் சொல்வதில்லை. அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிப் பெரிய சண்டை எங்கள் கடலூரில் நடந்தது.

வெள்ளிக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "அமெரிக்காக்காரன் இங்க எதுக்கு தம்பி வரான்?" என்றார். சரியான கேள்வி. அமெரிக்காக்காரன் வரவில்லை. அவனுடைய ஒப்பந்தம்தான் வந்தது.

1778 பிப்ரவரியில் பெஞ்சமின் ஃபிராங்ளின் முதலானோர் பாரிஸில் பிரான்சுடன் கூட்டணி ஒப்பந்தம் போட்டார்கள். ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் பிரிட்டனோடு சமாதானம் பேசக்கூடாது என்பது அதில் ஒரு ஷரத்து. பிரான்சு போரில் இறங்கியதும் சண்டை இந்தியாவுக்கும் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதர் அலியின் துணையோடு கடலூரைப் பிடித்தார்கள். அந்த ஏப்ரலிலேயே அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் ஒரு பென்சில்வேனியக் கப்பல் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சிறைபிடித்தது. அந்தக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. எதிரிக்கு எதிரி நண்பன் என்று அவர்கள் மைசூர்க்காரரை அந்த அளவுக்குக் கொண்டாடினார்கள்.

இந்த நட்பை உடைக்கத்தான் பிரிட்டிஷ் பிரதமர் ஷெல்பர்ன் பார்த்தார். பிரித்தாளும் சூழ்ச்சியை நாம் நன்றாகவே அறிவோம். அங்கே அவர் செய்தது கொடுத்துப் பிரிக்கிற சூழ்ச்சி. மிசிசிப்பி ஆறுவரை நிலத்தை விட்டுக்கொடுத்தார். புதிய நாடு பிரான்சின் நிழலில் ஒதுங்குவதைவிட, தன்னோடு வியாபாரம் செய்வது மேல் என்பது அவர் கணக்கு. ஃபிராங்ளின், ஜான் ஆடம்ஸ், ஜான் ஜே ஆகியோர் பிரெஞ்சு அமைச்சரைக் கலந்துகொள்ளாமலே 1782 நவம்பர் 30 அன்று முன்வரைவில் கையெழுத்திட்டார்கள். பிரான்சும் பிரிட்டனும் உடன்பட்டால்தான் அது செல்லுபடியாகும் என்று எழுதிக்கொண்டதால் ஷரத்தை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 1783 ஜனவரி 20 அன்று பிரான்சும் கையெழுத்துப் போட்டது. தொலைதூரக் கடல்களுக்கு மட்டும் ஐந்து மாதம் அவகாசம். செய்தி மெதுவாகத்தான் போகும் என்று அவர்களுக்கே தெரியும்.

அந்த ஐந்து மாதத்தில்தான் எங்கள் ஊர் அகப்பட்டுக்கொண்டது. ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை கடலூருக்குத் தெற்கே வந்து இறங்கியது. ஆங்கிலேயரோடு ஹனோவர் ஜெர்மானியரும் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். எதிரே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, கூடவே மைசூர் வீரர்கள். ஜூன் 13 அன்று ஒரே நாளில் ஸ்டூவர்ட் பக்கம் மட்டும் சுமார் ஆயிரம் பேர் இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரன் 15 கப்பல்களோடு ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்து நின்றார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஜூன் கடைசியில் 'மெடியா' என்ற கப்பல் வெள்ளைக் கொடியோடு செய்தி கொண்டுவந்தது. ஜூலை 2 அன்று சண்டை நின்றது. கையெழுத்தாகி அதற்குள் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்போது மங்களூரை முற்றுகையிட்டிருந்தார் ஹைதரின் மகன் திப்பு. அவருக்குத் துணையாக நின்ற பிரெஞ்சுப் படையும் செய்தி வந்ததும் விலகிக்கொண்டது. திப்பு தனியாக நின்று 1784 மார்ச்சில் மங்களூர் ஒப்பந்தம் செய்தார். பிரான்சைக் கேட்காமல் அமெரிக்கா கையெழுத்திட்டது. திப்புவைக் கேட்காமல் பிரான்சு ஆயுதத்தைக் கீழே வைத்தது. வரிசையில் கடைசியில் நின்றவனுக்குத்தான் இழப்பு அதிகம். அவனுக்கும் பின்னால் நின்றவர்கள் சிப்பாய்கள்.

புதிய நாட்டின் முதல் ராஜதந்திர வெற்றி என்று அமெரிக்க வரலாறு 1783ஐக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அந்த வெற்றியின் செலவுக் கணக்கில் கடலூரும் இருக்கிறது.

பெரியவரிடம் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "சமாதானம் ஆனது தெரியாமலே செத்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பதில் சொல்லாமல் வலைச் சிக்கலை எடுக்கத் தொடங்கினார்.