குடிலும் லயமும்

அம்பாங்கிலிருந்து மலைப்பாதையில் ஏறி உலு லங்காட் பக்கம் இறங்கினால், ஆற்றோரம் பலகையாலும் தகரத்தாலும் கட்டிய சிறு குடில்கள் தென்படும். விடுமுறை வந்தால் நகரத்தார் குடும்பத்தோடு சென்று இரண்டு நாள் அங்கே தங்குகின்றனர். நாமும் ஒருமுறை சென்றிருந்தோம். உடன் வந்த மூதாட்டியார் குடிலின் பலகைச் சுவரைத் தடவிப் பார்த்தார். "இது நம் லயமல்லவா? இதற்கா பணம் கொடுத்து வந்தீர்கள்?" என்றார். பிள்ளைகள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்விக்கு நம் சரித்திரந்தான் விடை சொல்ல வேண்டும்.

அம்பாங் என்பது ஓய்வுக்காகத் தோன்றிய ஊரன்று. அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. 1857-ல் கிள்ளான் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே ஈயம் தேட அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர். மனைவி மக்களை விட்டு வந்து காட்டுக் குடிசையில் மாண்ட அவர்கள்மீதே கோலாலம்பூர் எழுந்தது.

அடுத்து வந்தது பால்மரம். அதனோடு வந்தவர் தமிழர். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-ல் நின்றது. இவ்விரு முறைகளில் எதில் வந்தவராயினும் அவருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையே. விடியுமுன் பெரட்டு, பகலெல்லாம் வேலை, மாலையில் கள்ளுக்கடை. பெண்ணுக்கோ ஆணினும் குறைந்த கூலி. வேலை முடிந்தபின் அடுப்படியும் அவளுக்கே. உறவினர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பார்க்க வந்தாலும், தோட்டத்திற்குள் நுழைய நிர்வாகத்தின் தயவு வேண்டியிருந்தது. வீடிருந்தும் விருந்தினரை அழைக்க உரிமையில்லையென்றால் அதை வீடென்பதா, கொட்டடியென்பதா?

துரைமாருக்கோ ஓய்வு இன்றியமையாததென்று கருதப்பட்டது. வெப்பம் அவர்கள் உடலைக் கெடுக்கிறதென்று சொல்லி, 1890-களிலேயே சிலாங்கூரின் புக்கிட் கூத்து உச்சியில் ஓய்வு மாளிகை கட்டினர். இன்று அதன் புகைபோக்கி மட்டும் காட்டினிடையே நிற்கின்றது. 1922-ல் பிரேசர் மலை திறக்கப்பட்டது. பின்னர் கேமரன் மலையும் வளர்ந்தது. அதே வெயிலில் மரம் சீவியவனுக்கும், சாலை போட்டவனுக்கும், தண்டவாளம் பதித்தவனுக்கும் உடல் இல்லையா என்று கேட்பார் இல்லை. 1921-ல் ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு தொழிற்சாலை, சுரங்கம் முதலியவற்றில் வேலை செய்வோருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டுமென உடன்படிக்கை செய்தது. தோட்டக்காட்டை அது தொடவில்லை.

கேட்பார் இல்லாத கேள்வியைத் தொழிலாளரே கேட்ட ஆண்டு 1941. "தமிழ் நேசன்" துணையாசிரியர் ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலை நிறுத்தம் செய்தன. அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு மட்டுமா? பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாய் நடப்பது நிற்க வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு தொலைய வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும்! குடும்பத்தோடு கூடியிருக்கும் பொழுதும் உரிமையே என்று எழுத்தறியாத ஏழைகள் அன்று உணர்ந்திருந்தனர். சர்க்கார் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் உயிர் துறந்தனர்.

அவர்கள் கேட்டது உடனே கிடைக்கவில்லை. 1955-ல் இயற்றப்பட்டு 1957-ல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டம் வாரத்தில் ஒருநாள் ஓய்வை உறுதி செய்தது. 48 மணியாயிருந்த வார வேலை நேரம் 2023-ல் 45 மணியாகக் குறைந்தது. ஆகவே இந்த விடுமுறை எவரும் இட்ட பிச்சையன்று; கிள்ளான் மண்ணில் சிந்திய இரத்தத்திற்கும் அதில் பங்குண்டு.

மூதாட்டியாருக்கு இப்பொழுது விடை சொல்லலாம். பலகையும் தகரமும் ஒன்றுதான். லயத்தில் நம்மை இருத்தினார்கள். குடிலுக்கு நாமே போகிறோம். விரும்பியபோது வரவும், விரும்பியவரை அழைக்கவும், விடிந்தபின்னும் உறங்கவும் இங்கே தடையில்லை. வேற்றுமை சுவரில் இல்லை, உரிமையில் இருக்கின்றது.

ஆனால் அவ்வுரிமையை நாம் முழுதும் பகிர்ந்துகொண்டோமா? அன்று குடிலில் ஆண்கள் ஆற்றில் நீந்திக்கொண்டிருக்க, பெண்கள் புகையடுப்பின் முன் வியர்த்து நின்றதைக் கண்டோம். நாமும் நீந்தியவரில் ஒருவரே, வெட்கத்தோடு எழுதுகிறோம். துரைக்கு மட்டும் ஓய்வு என்ற அநீதியைக் கண்டித்துவிட்டு, நம் வீட்டில் நாமே துரையாவது தகுமா? சாராயப் புட்டியை எடுத்துச் சென்று லயத்தின் பழைய நோயைக் குடிலுக்கு இறக்குமதி செய்வதும் நன்றன்று.

அடுத்த விடுமுறைக்குப் போகும் அன்பர்கள் ஆண்களே அடுப்பை மூட்டுங்கள். மூதாட்டிகளை நடுவில் அமர்த்தி, லயத்தின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.