வெள்ளித்திரையில் பினாங்கு – 9: அந்த முகத்தை நம்பியவர்

சென்ற வாரம் மலாய் நடிகரும் பாடகருமான ராம்லியை சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் அவர் எழுதி இயக்கிய முதல் படத்துக்குப் போகவேண்டும். அதற்குமுன் ஒரு தமிழரைச் சந்தித்தாக வேண்டும். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இயக்குநர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். அன்று அந்த ஸ்டூடியோவை நடத்திய ஷா சகோதரர்களின் மலாய்ப் படங்களை இயக்கியவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ் போட்ட பாதை அது. கதையும் பாட்டும் ஆட்டமும் பம்பாய், மதராஸ் பாணியில் இருக்கும். பலருக்கு மலாய் சரளமாக வராது. இயக்குநர் சொல்வதை இன்னொருவர் மலாயில் பெயர்த்துச் சொல்ல, நடிகர் அதைப் பிடித்துக்கொண்டு நடிக்கவேண்டும். இடையில் எவ்வளவு உணர்ச்சி சிந்திப் போயிருக்கும்! கிருஷ்ணனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பினாங்கில் வளர்ந்த பிள்ளைக்கு மலாய் யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டுமா? நடிகரிடம் நேராகவே பேசினார்.

ராம்லியும் பினாங்குப் பிள்ளைதான். 1948இல் புக்கிட் மெர்தாஜாம் விழாவில் அவர் பாடியதைக் கேட்ட ராஜ்ஹான்ஸ்தான் சிங்கப்பூருக்கு அழைத்தார். அதே ஆண்டு ‘சிந்தா’வில் வில்லன் வேடம். அதே படத்தில் கதாநாயகன் வாயசைக்க, குரல் மட்டும் ராம்லியுடையது. முகத்தில் பருவடுக்கள். குரல் போதும், முகம் வேண்டாம் என்று நினைக்கிற முதலாளிகளுக்குச் சினிமாவில் என்றைக்குமே பஞ்சமில்லை.

கிருஷ்ணன் அப்படி நினைக்கவில்லை. 1950இல் ‘பக்தி’ படத்தில் ராம்லியைக் கதாநாயகனாக்கினார். ராம்லி தன் பாட்டைத் தானே திரையில் பாடினார். குரலும் முகமும் ஒன்றாயின. இருவருமே அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பினாங்கில் வளர்ந்த ஒரு தமிழர் பினாங்கில் பிறந்த ஒரு மலாய்க்காரர்மீது வைத்த அந்த நம்பிக்கைதான், என்னைப் பொறுத்தவரை, மலாய் சினிமாவின் உண்மையான திருப்பம்.

அதற்கடுத்த ஐந்து ஆண்டுகள் ராம்லிக்குப் பள்ளிக்கூடம். நடித்தார், பாடினார், இசையமைத்தார். இந்திய இயக்குநர்களின் வேலையைப் பக்கத்திலிருந்தே பார்த்துக் கற்றார். 1952இலேயே ஹாஜி மஹாடி என்ற மலாய்க்காரர் ஒரு படம் இயக்கியிருந்தார், அது ஓடவில்லை. ஆகவே 1955இல் ராம்லி ‘பெனாரெக் பெச்சா’வை எழுதி, இயக்கி, நடித்தபோது மலாய்க்காரரால் முடியுமா என்ற கேள்வி எழாமல் இல்லை. கதாநாயகன் அம்ரான் பெச்சா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கும் ஏழை. பணக்கார வீட்டுப் பெண் அசிசாவை அடியாட்களிடமிருந்து காப்பாற்றுகிறான், காதல் பிறக்கிறது, ஏழை என்றாலே முகம் சுளிக்கும் அவள் தகப்பன் குறுக்கே நிற்கிறான். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கதைதான். ஆனால் அதில் ஓடிய வியர்வை மலாய்த் தெருவின் வியர்வை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதன்பிறகு மறையும் வரை அவர் இயக்கிய படங்கள் முப்பதுக்கும் மேல்.

பினாங்கில் ராம்லி பிறந்த வீடு இன்று நினைவில்லம். அது இருக்கும் சாலைக்கே அவர் பெயர். குடும்பத்தோடு ஒருமுறை போய் வாருங்கள். அப்படியே எல். கிருஷ்ணன் யார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அடுத்த வாரம்: 1964, கோலாலம்பூரில் ராம்லி.