தில்லைத் திருவீதிகள்



திருவிழாக்கள்தோறும் ஊர் ஊராகச் சென்று பேசும் தொண்டினை இறைவன் அடியேனுக்கு அளித்துள்ளான். ஆதலின், "நீவிர் கண்ட நகரங்களுள் உம் நெஞ்சுக்கு உகந்தது எது?" என்று அன்பர்கள் வினவுவதுண்டு. எப்பொழுதும் ஒரே விடைதான் கூறுவேன்: தில்லை. சைவர்களுக்குக் 'கோயில்' என்று அடைமொழியின்றிச் சொன்னால் தில்லையே பொருளாதலின், இவ்விடையில் வியப்பொன்றும் இல்லை எனத் தோன்றலாம். ஆனால் அடியேன் அந்நகரை விரும்புதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது நடப்பவனுக்காக அமைந்த நகரம். காலால் நடந்தால்தான் அதன் வரலாறு விளங்கும். அந்தக் காரணத்தையே இன்று விரித்துரைக்க விழைகின்றேன்.

உங்கள் ஊரின் பெயரிலேயே இப்பேச்சுக்கு ஒரு தோற்றுவாய் இருக்கின்றது. ஆண்டியும் மடமும் சேர்ந்து ஆண்டிமடம் ஆயிற்று. ஆண்டி என்பவன் நடப்பவன். மடம் என்பது நடந்து களைத்தவன் தங்கும் இடம். இம்மண்ணில் நின்று தெற்கே நோக்கினால் ஒரு பெருநகரின் நினைவு எழும். கிழக்கே நோக்கினால் மற்றொரு நகரின் நினைவு எழும். தெற்கே உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். கிழக்கே உள்ளது தில்லை. முன்னது அரசன் கண்ட நகரம். பின்னது அடியார்கள் நடந்த நகரம். இவ்விரண்டின் கதையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நன்று.

1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திர சோழன், கங்கைவரை சென்ற வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்தான். சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான். விண்ணளாவிய விமானத்தை எழுப்பினான். ஏறத்தாழ 250 ஆண்டுகள் அந்நகர் சோழப் பேரரசின் தலைநகராய்த் திகழ்ந்தது. கடல் கடந்த நாடுகளெல்லாம் அதன் ஆணைக்குச் செவிசாய்த்தன. இன்று அங்கே அரண்மனை எங்கே? வீதிகள் எங்கே? மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. திருக்கோயில் ஒன்றே தலைநிமிர்ந்து நிற்கின்றது. அதன் திருமதிலின் கற்களையுங்கூட 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் கீழணைக்குப் பெயர்த்துச் சென்றனர். மிஞ்சிய பெருங்கோயிலை 2004ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுப் போற்றினர். கோயில் வாழ்கின்றது, நகரம் மறைந்துவிட்டது.

தில்லையின் நிலை அதுவன்று. அது எந்தப் பேரரசுக்கும் நிலையான தலைநகராய் இருந்ததில்லை. ஆயினும் பல்லவர், சோழர், பாண்டியர், விசயநகரத்தார், மராட்டியர் என அரசுகள் வந்து மாறிய பின்னும் அந்நகர் நகரமாகவே வாழ்கின்றது. காரணம் யாது? அதன் வீதிகளில் மக்கள் இடையறாது நடந்தார்கள். மக்களோடு இறைவனும் நடந்தான் என்பதே அடியேன் கண்ட காரணம்.

நகரின் அமைப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நடுவே சுமார் 40 ஏக்கர் பரப்பில் திருக்கோயில். நான்கு திசைக்கும் நான்கு எழுநிலைக் கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரத்திற்கும் நேரே ஒரு சன்னதித் தெரு. சன்னதித் தெருக்கள் நான்கும் சென்று சேருமிடம் நான்கு தேர் வீதிகள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று திசையே அவற்றுக்குப் பெயர். ஊருக்குப் புதியவனும் அங்கே வழி தவறான். அண்ணாந்து பார்த்தால் ஏதேனும் ஒரு கோபுரம் அவனுக்கு வழி சொல்லும். நான்கு வீதிகளையும் ஓர் அரைமணிப் பொழுதில் வலம் வந்துவிடலாம்.

அவ்வாறு நடக்குங்கால் வரலாறு வழியெங்கும் எதிர்ப்படும். வடக்குக் கோபுரம் கிருட்டிணதேவராயரை நினைப்பூட்டும். கீழைக் கோபுர வாயிலில் நாட்டிய நூல் கூறும் 108 கரணங்களும் சிற்பங்களாய் நிற்கும். மேற்கே சிறிது நடந்தால் திருப்புலீச்சரம். தில்லை நகரத்து வேட்கோவராகிய திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் குளத்தில் மூழ்கி இளமை பெற்று எழுந்த செய்தியை, 'இளமையாக்கினார்' என்னும் இறைவன் திருப்பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது. அடுத்து, பதஞ்சலி முனிவர் வழிபட்டதாகக் கூறும் அனந்தீச்சரம். ஊரின் வடக்கெல்லையில் தில்லைக் காளி. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெருமான் 1864ஆம் ஆண்டில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் இந்நகரில்தான். இவை அனைத்தையும் வண்டியேறாமல் ஒரே நாளில் கண்டு தொழலாம்.

இனி, இந்நகருக்கு நடந்து வந்தவர்களை நினைப்போம். நால்வர் பெருமக்களும் நான்கு திசை வாயில்களால் உட்புகுந்தனர் என்பது வழிவழி வந்த வழக்கு. மணிவாசகர் கிழக்கு, சம்பந்தர் தெற்கு, அப்பர் மேற்கு, சுந்தரர் வடக்கு. ஒரு நகருக்கு நான்கு வாயில்கள் இருப்பது எதற்காக? எத்திசையிலிருந்து வருபவனையும் 'வா' என்று அழைப்பதற்காக. ஞானசம்பந்தப் பெருமானோ தில்லை எல்லையுள் தங்கவும் அஞ்சித் திருவேட்களத்தில் தங்கி, அங்கிருந்து வந்து அம்பலவனை வழிபட்டார் என்று சேக்கிழார் பெருமான் அருளுகின்றார். அத்திருவேட்களம் இன்று, 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டி விளங்குகின்றது. அந்த வழியை இப்போதும் நடந்தே கடக்கலாம்.

அடியார் நடந்தது இருக்கட்டும். ஆண்டவன் நடந்ததைச் சொல்கிறேன். பிற தலங்களில் கருவறையில் உள்ள மூலவர் அங்கேயே இருப்பார். உலாத் திருமேனியே வீதிக்கு எழுந்தருளும். தில்லையிலோ சிற்றம்பலத்தில் நாம் கண்டு தொழும் கூத்தப்பெருமானும் சிவகாமியம்மையுமே, ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரேறி வீதிக்கு வருகின்றனர். ஒன்பதாம் நாள் விநாயகர், முருகர், சண்டேசுரர் தேர்களோடு ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் உலாவரும். மேல வீதியும் வடக்கு வீதியும் கூடும் முனையில் பருவதராசகுலத்தார் பெருமானுக்குப் பட்டுச் சாத்திப் படையலிடுவர். தேர் அங்கே நின்று அவர்கள் அன்பினை ஏற்றுச் செல்லும். கோயிலுக்கு வர இயலாத முதியவரும் நோயுற்றவரும் தம் வாயிலிலேயே நின்று பெருமானைக் காண்பர். அம்பலத்தில் ஆடுபவன் அன்று தெருவில் ஆடுகின்றான். இதனினும் எளிவந்த கருணை வேறு உண்டோ?

அத்தகைய வீதிகள் பெருமானின்றிக் கிடந்த காலமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போரும் குழப்பமும் சூழ்ந்தபோது, 1648 முதல் 1686 வரை ஏறத்தாழ 38 ஆண்டுகள் கூத்தப்பெருமான் திருமேனியைக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்துக் காத்தனர். ஒரு தலைமுறைக்கு மேலாகத் தில்லை வீதிகள் தம் தலைவனைக் காணவில்லை. அக்காலத்தே பிறந்து வளர்ந்த குழந்தை, தேரில் கூத்தன் வரும் காட்சியைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்குமேயன்றிக் கண்டிராது. பின்னர் 1781ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையினர் கோயிலையே அரணாகக் கொள்ள, ஆங்கிலத் தளபதி ஐர் கூட் அதனைத் தாக்கி, வெல்ல இயலாமல் பின்வாங்கினான். வழிபடுவோர் நடக்க வேண்டிய வீதிகளில் படைவீரர் திரிந்தனர். இத்தனைக்குப் பின்னும் தேர் மீண்டும் ஓடியது. மக்கள் மீண்டும் வடம் பிடித்தனர். மறுபடி நடந்ததனால் நகரம் பிழைத்தது.

நம் நூல்களும் இவ்வீதிகள் வழியே வந்தவையே. தில்லைக் கோயிலில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகள் வெளிப்பட வேண்டுமாயின் மூவரும் வரவேண்டும் என்றனர். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு வந்த சோழ மன்னன், மூவர் திருமேனிகளையும் உலாவாக எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். பின்னர் அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பெருமான் ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரைவரை பெரியபுராணத்திற்குப் பொருள் விரித்தார். நிறைவில் அவரையும் நூலையும் யானைமேல் ஏற்றி, மன்னன் தானே பின்னிருந்து கவரி வீச, இவ்வீதிகளில்தான் வலம் வரச் செய்தனன் என்பது சேக்கிழார் புராணச் செய்தி. முடியுடை வேந்தன் புலவர்க்குக் கவரி வீசிய வீதி இது!

அன்பர்களே, இதுவரை பெருமையையே பேசினோம். விரும்பும் நகரின் பெருமையை மட்டும் பேசுவது மெய்யன்பு ஆகாது. அந்த யானை சுமந்து சென்ற நூலுக்குள்ளேயே நம்மைத் தலைகுனியச் செய்யும் ஒரு நடை உள்ளது. கொள்ளிடக் கரையில் மேற்கானாட்டு ஆதனூரில் தோன்றியவர் திருநாளைப்போவார். நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கி ஒருநாள் தில்லை எல்லைக்கு வந்தே விட்டார். வந்தவர் உள்ளே அடிவைக்கவில்லை. தம் பிறப்பை நினைந்து அஞ்சி, இரவும் பகலும் ஊரின் புறத்தே எல்லையைச் சுற்றிச் சுற்றி வலம் வந்தார். நான்கு வாயில்களும் நான்கு வீதிகளும் இருந்தன. அவர் காலுக்கு மட்டும் ஓரடி நிலம் இல்லை. யானைமேல் அரசனோடு உலாவந்த ஏட்டிலே, உள்ளே வரமுடியாத அடியவரின் கதையும் இருந்தது. அதை மறையாமல் எழுதினாரே, அதுவே சேக்கிழாரின் நேர்மை. தில்லையில் மிகுதியாக நடந்தவர் யார் என்று கேட்டால், அடியேன் நந்தனாரைத்தான் சொல்வேன். அவரை இறைவன் தானே கனவிற்கு வந்து அழைத்தான். எரி வளர்க்கச் சொன்னது அவரைத் தூய்மை செய்வதற்கு என்பர். அவருக்கு என்ன மாசு இருந்தது? பார்த்து நின்றவர்களின் உள்ளத்து மாசு எரிவதற்கே அத்தீ என்பது அடியேன் துணிபு.

இதற்கு மாற்றும் அந்நகரிலேயே பிறந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளங்கிய உமாபதி சிவாசாரியார், தில்லைவாழ் அந்தணருள் ஒருவர். பகலிலும் தீவட்டி பிடிக்கச் சிவிகையில் செல்லும் சிறப்புடையவர். உயிரற்ற மரத்தின்மேல் பகலிலும் கண் தெரியாதவர் போகின்றார் என்னும் கருத்துப்பட, வழியில் நின்ற மறைஞானசம்பந்தர் ஒரு சொல் சொன்னார். உமாபதியார் சினந்தாரா? இல்லை. சிவிகையினின்றும் இறங்கி, நடந்து அவர் பின்னே சென்றார். அதனால் தம்மவரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் தங்கினார். விறகு சுமந்து வந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை அளித்து வீடுபேறு எய்துவித்தவரும் அவரே என்பது வரலாறு. சிவிகையில் இருந்தவரை அந்த விறகு சுமந்தவர் அவர் கண்ணில் பட்டிருப்பாரா? இறங்கி நடந்தவனுக்கே எதிரே வருபவனின் முகம் தெரியும். இறங்கி நடந்தமையால் நமக்குச் சந்தான குரவர் கிடைத்தார்.

அந்த நடை அங்கேயே நின்றுவிடவில்லை. 1916ஆம் ஆண்டில் சுவாமி சகசானந்தர் தில்லையில் நந்தனார் பெயரால் கல்விக்கழகம் கண்டு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். நந்தனார் நுழைய அஞ்சிய ஊரில் நந்தனார் பெயரால் பள்ளி எழுந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில் வாயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது. சட்டம் வாயிலைத் திறக்கும். நெஞ்சைத் திறப்பது நம் கடன்.

ஆதலின் இத்திருவிழாக் காலத்தில் உங்கள் முன் ஒன்றே ஒன்று வைக்கின்றேன். தேரோடும் ஊர்களில் உள்ள நாம், நம் சாமி எந்தத் தெருவரை செல்கின்றது, எந்தத் தெருவில் நுழையாமல் திரும்புகின்றது என்பதைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தெருவினர் வடம் தொடலாம், மற்றொரு தெருவினர் தொலைவில் நின்று பார்க்கலாம் என்னும் வழக்கு எங்கேனும் மிச்சம் இருந்தால், அங்கே இன்னும் ஒரு நந்தனார் எல்லையைச் சுற்றிக்கொண்டிருக்கின்றார் என்று அறிக. முதியவரும் மகளிரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்க, தேர் வீதியைக் கடையும் வண்டியும் அடைக்காமல் காப்பதும் திருப்பணியே. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுவதோடு அமையாது, தெருவையும் கூட்டுவோம். உழவாரம் ஏந்திய அப்பர் பெருமான் நமக்குக் காட்டிய வழி அது.

அரண்மனையை நம்பிய நகரம் மண்மேடானது. வீதியை நம்பிய நகரம் வாழ்கின்றது. வாயில் நான்கு வைத்த தில்லையின் கருத்து, ஒருவரும் புறத்தே நிற்கலாகாது என்பதே. அக்கருத்து முற்றும் நிறைவேறும் ஊர் எதுவாயினும் அதுவே தில்லை. அடுத்த முறை தில்லைக்குச் செல்லும்போது, பேருந்தை விட்டு இறங்கியவுடன் கோயிலுக்குள் விரையாமல், நான்கு வீதிகளையும் ஒருமுறை நடந்து வலம் வாருங்கள். பின்னர்த் தெற்கு வாயில் முன் நின்று நந்தனாரை நினைந்து கைகூப்பி, அதன்பின் உள்ளே செல்லுங்கள். அம்பலவன் திருவடி அனைவர்க்கும் ஆகுக.

திருச்சிற்றம்பலம்.