எஞ்சிய வீடுகளும் சான்று மதிப்பும்: எடின்பரோ, கிளாஸ்கோ அருங்காட்சியக இல்லங்கள்

முன்னுரை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோவுக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணமே. 1931இல் தோன்றிய ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை இவ்விரு நகரங்களிலும் பேணிவரும் மூன்று இல்லங்களை வார இறுதியின் இரண்டு நாள்களில் பயணிகள் கண்டுவிடலாம். எனினும் அவை மூன்றும் ஒரே வகைச் சான்றுகள் அல்ல. ஒரு வீடு எக்காரணத்தால் எஞ்சியது என்பதைக் கொண்டே அதன் சான்று மதிப்பைக் கணிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

எடின்பரோ இல்லங்கள்

பழைய நகரின் லான்மார்க்கெட் தெருவிலுள்ள 'கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட்' 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 'லேண்ட்' என்னும் சொல் ஸ்காட்டு வழக்கில் பல குடும்பங்கள் வாழும் அடுக்குக் கட்டடத்தைக் குறிக்கும். 1617இல் இதனை வாங்கிய வணிகர் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ், தெருவை நோக்கி விரிவாக்கித் தளங்களை வாடகைக்கு விட்டார். வணிகரும் சமயகுருவும் வீரப்பட்டம் பெற்றவரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தனர். இடிபடவிருந்த இக்கட்டடத்தை அறக்கட்டளை 1934இல் மீட்டது. இதனைக் காத்தது இதன் தொன்மை எனலாம்.

புதிய நகரின் சார்லட் சதுக்கத்தை 1791இல் வடிவமைத்தவர் ராபர்ட் ஆடம். அங்குள்ள 7ஆம் எண் இல்லத்தின் முதல் உரிமையாளர் லாமாண்ட் குலத்தலைவர். உரிமையாளர் குடும்பம் மேல்தளங்களில் வாழ, பணியாளர் நிலவறைச் சமையற்கூடத்தில் உழைத்தனர். இன்று அறைகளிலுள்ள பொருள்கள் அக்காலத்தைக் காட்டுவதற்கெனத் திரட்டப்பட்டவை. ஆகவே அவை ஒரு வர்க்கத்தின் வாழ்முறைக்குச் சான்றாகுமேயன்றி, ஒரு குடும்பத்தின் வாழ்வுக்கு ஆகா.

கிளாஸ்கோ அடுக்கக வீடு

கார்னெட்ஹில் பகுதியில் பக்ளூ தெரு 145ஆம் எண் கட்டடம் 1892இல் எழுந்தது. அதன் ஒரு வீட்டில் சுருக்கெழுத்துத் தட்டச்சரான ஆக்னஸ் டோவர்டு 1911 முதல் 1965 வரை வாழ்ந்தார். சமையலறைச் சுவர்க்குழிவில் அமைந்த படுக்கை, நிலக்கரி அடுப்பு ஆகியவற்றுடன் அவர் எறியாது வைத்த கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் எஞ்சின. பின்னர் அவ்வீட்டை வாங்கிய நடிகை ஒருவர் அதனை மாற்றாது பேணினார். 1982இல் அது அறக்கட்டளையிடம் வந்தது. இங்குப் பொருளும் இடமும் பயன்படுத்தியவரும் ஒருங்கே அறியப்படுகின்றனர். முன்னைய இரண்டினும் இதன் சான்று மதிப்பு மிகுதற்கு இதுவே காரணம்.

முடிவுரை

எனினும் இவ்வீட்டைக் கிளாஸ்கோ உழைப்பாளர் வாழ்வின் மாதிரியாகக் கொள்வது பிழை. தனித்தனி அறைகளும் வீட்டினுள்ளேயே குளியலறையும் கொண்ட இது, நிலையான ஊதியம் பெற்ற அலுவலரின் இல்லம். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்து, பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்த 'சிங்கிள் எண்ட்' வீடுகளோ 20ஆம் நூற்றாண்டின் குடிசை அகற்றத் திட்டங்களில் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. எஞ்சிய வீடுகளை மட்டும் கொண்டு நகரின் வரலாற்றை எழுதினால் பெரும்பான்மையோர் விடுபடுவர். எனவே அருங்காட்சியக இல்லத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், இடிக்கப்பட்ட வீடுகள் பற்றிய ஆவணங்களையும் உடன்வைத்து நோக்குதல் இன்றியமையாதது.