பெயர் வேண்டாம், டோக்கன் போதும்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கேம்பிரிட்ஜ் நகரம். அங்கே உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். 1960-களில் ஒரு நாள், பிற்பகல் நேரம்.

கம்ப்யூட்டரைப் பயன்படுத்த ஒருவர் வந்து உட்காருகிறார். அவர் எதிரே இருப்பது டைப்ரைட்டர் மாதிரி ஒரு இயந்திரம். டி.வி. போன்ற திரையெல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் அது பேப்பரில்தான் அடித்துத் தரும்! வந்தவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறார். வழக்கமாக அந்த நேரத்தில், 'இன்றைய அறிவிப்பு' என்று ஓரிரு வரிகளை மெஷின் அடித்துக் காட்டும். அன்றைக்கும் டகடகவென்று அடிக்க ஆரம்பித்தது... நிறுத்தவே இல்லை. ஒரு பெயர், பக்கத்தில் ஒரு வார்த்தை. இன்னொரு பெயர், இன்னொரு வார்த்தை. என்னடா இது என்று உற்றுப் பார்த்தால்... அத்தனை பேருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக!

அவருக்கு மட்டுமல்ல, அந்த நேரத்தில் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அதே பட்டியல். பதினைந்து, இருபது நிமிடங்கள் இந்தக் கூத்து நடந்தது. பொறுப்புள்ள ஒருவர் நிர்வாகியைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. உடனே கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் மாற்றப்பட்டன.

யார் செய்த சதி இது என்று கேட்பீர்கள். சதியே இல்லை! நேர்மையான இரண்டு ஊழியர்கள், ஒரே நேரத்தில், அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். இரண்டு பேருடைய ஃபைலுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. அதனால் வந்த வினை!

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போவோம்.

அதற்கு முன்பெல்லாம் கம்ப்யூட்டர் என்பது ஒரு நேரத்தில் ஒருவருக்கே சேவை செய்யும் ராஜா வீட்டுக் குதிரை. அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு வரவேண்டும். உங்கள் முறை வந்து, விடை கைக்குக் கிடைக்க மணிக்கணக்கில் ஆகும். சில சமயம் மறுநாள்தான் கிடைக்கும். எங்காவது ஒரு எழுத்துப்பிழை இருந்தால், மறுபடி முதலிலிருந்து!

இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டப் புறப்பட்டவர் எம்.ஐ.டி.யின் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. அவருடைய யோசனை எளிமையானது. ஒரு கம்ப்யூட்டர், பல டைப்ரைட்டர்கள். கம்ப்யூட்டர் இவருக்கு ஒரு துளி நேரம், அவருக்கு ஒரு துளி நேரம் என்று மாறி மாறிக் கவனிக்கும். அது படுவேகமாக நடப்பதால், மெஷின் முழுவதும் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்! 1961 நவம்பரில் இதைச் செய்தே காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர்.

ஒரு வீட்டில் பல குடும்பங்கள் குடியேறினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு அலமாரி வேண்டும், பூட்டும் வேண்டும். கார்பட்டோ குழுவினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் அலமாரி கொடுத்தார்கள். அதன் பெயர்தான் 'டைரக்டரி'. பூட்டாக பாஸ்வேர்டு வந்தது. (இன்று உங்களையும் என்னையும் படாதபாடு படுத்தும் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர் உலகத்தில் காலடி வைத்த இடங்களில் முக்கியமானது இதுதான்!) கம்ப்யூட்டரை நிர்வகிப்பதற்கான ஃபைல்களுக்கும் ஒரு தனி அலமாரி இருந்தது. அன்றாட அறிவிப்பும், எல்லோருடைய பாஸ்வேர்டு பட்டியலும் அதற்குள்தான்.

ஒரு அலமாரியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம் என்பது சட்டம். அது நல்ல சட்டமும்கூட. ஆனால், நிர்வாகம் செய்யும் புரோகிராமர்கள் ஒரு டஜன் பேராகப் பெருகிவிட்டார்கள். மெஷினும் ஏறக்குறைய இடைவிடாமல் ஓட ஆரம்பித்திருந்தது. ஒருவர் வேலை முடிக்கும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? எங்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று கார்பட்டோவை நச்சரித்தார்கள். ஜாக்கிரதையாக இருப்போம் என்று உறுதியும் கொடுத்தார்கள். அவர் சம்மதித்தார்.

எல்லோரும் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. ஃபைல்களைத் திருத்துவதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் உண்டல்லவா? அது திருத்தும்போது, தன் வசதிக்காக ஒரு தற்காலிக ஃபைலை உண்டாக்கிக்கொள்ளும். நாம் 'ரஃப்' காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் நோட்டில் ஏற்றுகிறோமே, அந்த மாதிரி. அந்த ரஃப் காகிதத்துக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு அலமாரிக்கு ஒரே ஆள் என்று இருந்தவரை அதில் தப்பே இல்லை!

அன்று பிற்பகல் ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதே அலமாரியில் பாஸ்வேர்டு பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு ரஃப் காகிதங்கள், ஒரே பெயர். அவை இடம் மாறிப்போயின. அறிவிப்பு இருக்கவேண்டிய இடத்தில் பாஸ்வேர்டு பட்டியல் போய் உட்கார்ந்துகொண்டது. விளைவைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

இந்தச் சம்பவம் வெறும் வேடிக்கைக் கதையாக முடியவில்லை. 1979-ல் 'யூனிக்ஸ்' புகழ் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதையே உதாரணமாகக் காட்டினார்கள். பாஸ்வேர்டை உள்ளபடியே எழுதி வைத்தால், திருடன் வராமலேயே ஒருநாள் தெருவுக்கு வந்துவிடும். அதனால் யாராலும் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் வைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பாடத்தை உலகம் ஒருவழியாகப் படித்தது.

ஆனால், கதையில் இன்னொரு பாடமும் இருந்ததே... 'பல பேர் கொண்டுவந்து வைக்கும் இடத்தில் பெயரை நம்பாதே' என்கிற பாடம்? அதைப் படிக்க ரொம்ப காலம் ஆயிற்று.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். அபய் பூஷன். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் செட்டில் படித்து, எம்.ஐ.டி.க்குப் போனவர். தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபைலை அனுப்புவது எப்படி, அங்கிருந்து எடுப்பது எப்படி என்பதற்கு 1971 ஏப்ரலில் விதிமுறைகளை எழுதினார். எஃப்.டி.பி. என்பது அதுதான். இன்டர்நெட் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே ஃபைல் அனுப்பும் வழி பிறந்துவிட்டது!

பல ஆண்டுகள் பலரும் திருத்தித் திருத்தி, 1985 அக்டோபரில் எஃப்.டி.பி.க்கு ஒரு முழுமையான விதிப்புத்தகம் வந்தது. எழுதியவர்கள் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும். அதில் 'ஸ்டோர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன்படி நீங்கள் ஒரு ஃபைலை அனுப்பும்போது, அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தால்? பழையதன் இடத்தில் புதியது வந்துவிடும். பழையது போயே போச்சு! அது யாருடையது என்றெல்லாம் கேள்வி கிடையாது.

ஆனால், அதே விதிப்புத்தகத்தில் புதிதாக இன்னொரு கட்டளையும் சேர்த்திருந்தார்கள். 'ஸ்டோர் யூனிக்'. அதாவது, நீங்கள் பெயர் சொல்லவேண்டாம். யாரும் வைத்திராத ஒரு பெயரை வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டரே வைத்து, 'உன் ஃபைல் இந்தப் பெயரில் இருக்கிறது' என்று பதில் சொல்லும்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவர் உங்களிடம் பெயர் கேட்கிறாரா? 'குமார், கறுப்புச் செருப்பு' என்று எழுதி வைத்தால் திருவிழா அன்று என்ன ஆகும்? ஊரில் எத்தனை குமார், எத்தனை கறுப்புச் செருப்பு! அதனால்தான் அவர் டோக்கன் கொடுக்கிறார். நம்பர் அவருடையது, வைக்கும் இடமும் அவர் முடிவு செய்வது. இந்தச் சின்ன ஞானம் எஃப்.டி.பி. விதிப்புத்தகத்தில் ஏறும்போது வருஷம் 1985. அதுவும் கட்டாயமில்லை, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்கிற கணக்கில்!

அப்புறம் வெப்சைட்டுகள் வந்தன. ஆரம்பத்தில் ஒரு வெப் பக்கத்தில் எழுத்துக்களைத்தான் நிரப்பி அனுப்ப முடிந்தது. உங்களிடம் இருக்கும் ஃபைலை அனுப்ப வழியில்லை. 1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னஸ்டோ நெபெல், லாரி மாஸின்டர் என்ற இருவர் அதற்கும் வழி சொன்னார்கள். ஒரே உறைக்குள் பல பொருட்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு தடுப்பு வரி. கூடவே, ஃபைலுக்கு அனுப்புகிறவர் வைத்திருக்கும் பெயர். இன்றைக்கு நீங்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், ஆதாரின் நகலைச் சமர்ப்பிக்கும்போதும், பெரும்பாலும் நடப்பது இதுதான்.

எம்.ஐ.டி.யில் ஒரு டஜன் பேர். இங்கே உலகமே வரிசையில் நிற்கிறது! அவர்கள் ஃபைலுக்கு வைக்கும் பெயர்களைப் பாருங்கள். வேலை தேடுபவர்களில் எத்தனை பேர் 'ரெஸ்யூம்' என்றே பெயர் வைக்கிறார்கள்! டிஜிட்டல் கேமராவோ நாலு எழுத்து, நாலு இலக்கம் என்கிற விதிப்படி பெயர் வைக்கும். 0001-லிருந்து 9999 வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து. ஆக, உங்கள் குழந்தையின் பிறந்தநாள் படமும் யாரோ ஒருவருடைய எக்ஸ்ரே படமும் ஒரே பெயரில் வந்து நிற்பது ஆச்சரியமே இல்லை.

'அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தால் போதாதா?' என்று தோன்றும். போதாது! பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடும் கதை அது. இந்த ஜன்னல் வழியாக ஒருவர் எட்டிப் பார்க்கிறார், சீட் காலி. அந்த ஜன்னல் வழியாக இன்னொருவரும் பார்க்கிறார், காலி. இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் விழும்! பார்ப்பதும் இடம் பிடிப்பதும் நடுவில் இடைவெளியே இல்லாத ஒரே காரியமாக இருக்கவேண்டும். அதற்கான வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. பயன்படுத்துகிறார்களா என்பதுதான் கேள்வி.

பெயரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கம்ப்யூட்டர் மொழியில் இரண்டு புள்ளிகள் வைத்து ஒரு சாய்கோடு போட்டால், 'ஒரு மாடி மேலே போ' என்று அர்த்தம். ஒருவர் தன் ஃபைலின் பெயரிலேயே இந்த இரண்டு புள்ளிகளை நாலைந்து தடவை எழுதி அனுப்புகிறார் என்று வையுங்கள். அப்பாவி சர்வர் அதை அப்படியே நம்பினால்? வாசலில் வைக்கவேண்டிய செருப்பு கர்ப்பகிரகத்துக்குள் போய்விடும்! அங்கே இருக்கும் முக்கியமான ஃபைலை அழித்துவிட்டு உட்கார்ந்தாலும் உட்காரும். 1997 ஆகஸ்டில் ஈமெயில் இணைப்புகளுக்காக வெளியான விதிகளிலேயே இதை எச்சரித்தார்கள். வெப்சைட்டுகளுக்காக மாஸின்டரே 2015-ல் புதுப்பித்து எழுதிய விதிகளிலும், வருகிற பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

கேட்டார்களா? 2018 ஜூனில் 'ஜிப் ஸ்லிப்' என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறோமே, அந்த மூட்டைக்குள் இருக்கும் ஃபைலின் பெயரில் அதே இரண்டு புள்ளிகள்! அவிழ்க்கும் சாஃப்ட்வேர் அதைச் சோதிக்காமல் நம்பியிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கான சாஃப்ட்வேர்களில் இந்த ஓட்டை. அரை நூற்றாண்டு கழித்தும், பெயரை நம்பிக் கெட்ட கதை!

கார்பட்டோவுக்கு 1990-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது. ஏற்புரையில் மனிதர் தன் சாதனைகளை அடுக்கவில்லை. தோற்கப்போகும் அமைப்புகளைக் கட்டுவது பற்றி என்று தலைப்பு வைத்துக்கொண்டு, இந்த பாஸ்வேர்டு கூத்தையும் விலாவாரியாகச் சொன்னார். விலக்கு கொடுத்தது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை! 2019 ஜூலையில், 93-வது வயதில் அவர் காலமானார்.

அவர் சொன்னதன் சாரம் இது: முதலில் போட்ட கணக்கு தப்பாக இருப்பதில்லை. ஒரே ஆள் என்று நினைத்துத்தான் கட்டுகிறோம். அப்புறம் ஆட்கள் பெருகுகிறார்கள், வசதிகள் சேருகின்றன, 'ஒரே ஆள்' என்று நினைத்ததே மறந்துபோகிறது. விபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

அடுத்த முறை ஏதாவது ஒரு வெப்சைட்டில் உங்கள் சான்றிதழையோ புகைப்படத்தையோ ஏற்றிவிட்டு, திரும்ப எடுக்கும்போது கவனியுங்கள். நீங்கள் ஆசையாக வைத்த பெயர் காணாமல் போய், புரியாத எண்களும் எழுத்துக்களுமாக நீளமாக ஒரு வால் தொங்கலாம். எரிச்சலடையாதீர்கள். யாரோ ஒரு புரோகிராமர் உங்கள் செருப்புக்கு டோக்கன் போட்டிருக்கிறார்.

நீங்கள் வைத்த பெயரிலேயே, அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தால்? உள்ளே ஒழுங்காக டோக்கன் போட்டுவிட்டு, மரியாதைக்காக உங்கள் பெயரைத் திருப்பித் தருகிறார்களா, அல்லது டோக்கனே இல்லையா என்பது வெளியே நிற்கிற நமக்குத் தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்!